ஒரு புகைப்படத்துக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது?

#1 · இருட்டறை

புகைப்படத்தைப் பற்றி யார் பேசினாலும் "கணத்தை உறையவைத்த படம்" என்ற பாராட்டு வந்துவிடுகிறது. பல காலம் நெகட்டிவ் கழுவிப் பிரிண்ட் போட்டவன் நான். இந்தப் பாராட்டை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. கேமராவில் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்தது முதல் மூடியது வரை வந்து விழுந்த ஒளி முழுவதும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துதான் படம் உண்டாகிறது. ஆக, எந்தப் படத்துக்குள்ளும் ஒரு நேர நீளம் இருக்கிறது. அது சில மணி நேரமாக இருக்கலாம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கலாம், சுழியமாக இருக்கவே முடியாது.

கேமராவால் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் 1826 அல்லது 1827இல் பிரான்சைச் சேர்ந்த நியெப்ஸ் தன் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. உலோகத் தகட்டில் நிலக்கீல் பூசி எடுத்தார். எட்டு மணி நேரம் வெயில் காட்டினார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதைவிட நீண்டு சில நாட்கள்கூட ஆகியிருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தப் படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். முற்றத்தின் இடப்பக்கச் சுவரிலும் வெயில் அடிக்கிறது, அதற்கு எதிரே வலப்பக்கச் சுவரிலும் வெயில் அடிக்கிறது. காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஒரே தகட்டில் இறங்கியிருக்கின்றன. அடுத்து, 1838இல் டாகேர் எடுத்த பாரிஸ் பெருந்தெரு. வண்டியும் ஆளுமாக நடமாட்டம் மிகுந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் ஒளி விழும் நேரம், சில நிமிடங்கள் நீண்டதால் நடந்தவர்கள் எல்லாரும் கரைந்துபோனார்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் காலை ஊன்றி நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார்.

இரண்டு படத்திலும் யாரும் கைவைக்கவில்லை, யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு காட்சிகளையும் எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. மறுகோடியில், ஹெரால்டு எட்ஜர்டன் 1930களில் மின்னற்பொழுது ஃபிளாஷால் எடுத்த பால்துளிப் படங்களில் பால் கிரீடமாக எழும்பி நிற்கிறது. அதையும் வெறுங்கண் கண்டதில்லை.

ஆகவே "இந்தப் படம் உண்மையா?" என்று கேட்கும் முன் "இதற்குள் இருக்கும் நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. திரைப்படத்துக்கும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.


#2 · வினாக்குறி

மறுக்கிறேன் ஐயா. நீங்கள் சொல்வது இயற்பியல். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் மனிதனுக்கு அது இரண்டாம்பட்சம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்ததா, 1/500 நொடியா என்பது அவனை உலுக்குவதில்லை. இந்த ஆள் இருந்தான், கேமராவின் எதிரில் நின்றான் என்பதுதான் உலுக்குகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1980இல் புகைப்படம் பற்றி வெளிவந்த தம் நூலில் இதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் எடுத்துக்காட்டும் படம் 1865இல் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்தது. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் லூயிஸ் பெய்ன் என்ற இளைஞன், கையில் விலங்கோடு உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறான். பார்க்கும் நமக்கு அவன் என்றோ செத்துப்போனவன். படத்துக்குள் அவன் இனிமேல்தான் சாகப்போகிறவன். புகைப்படத்தில் காலம் என்றால் இதுதான் காலம். இதை எந்தக் கடிகாரத்தால் அளப்பீர்கள்?

பொய் நுழையும் வாசலும் வேறு. கிரிமியப் போரின்போது, 1855இல், ரோஜர் ஃபென்டன் ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு படங்கள் எடுத்தார். கேமரா இருந்த இடம் ஒன்றே. ஒரு படத்தில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கின்றன, சாலை காலி. மற்றதில் சாலை மேலும் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. போரின் கொடூரத்துக்குச் சான்றாக மக்கள் மனத்தில் நின்றது குண்டுகள் சிதறிய படம். சாலையில் குண்டுகளைக் கொண்டுவந்து போட்டு எடுத்தாரா, இல்லை சாலையை ஒழித்த பிறகு இன்னொன்று எடுத்தாரா? எக்ஸ்போஷர் எத்தனை நொடி என்று தெரிந்தால் இதற்கு விடை வந்துவிடுமா?


#3 · ஓட்டக்களம்

தடகளப் போட்டிகளில் முடிவுக்கோட்டுப் படத்தைப் படித்து நேரம் குறிக்கும் வேலை என்னுடையது. இந்த இழைக்கு எங்கள் கேமராவைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் கேமரா மைதானத்தைப் பார்ப்பதில்லை. முடிவுக்கோட்டின் மேல் நிற்கும் செங்குத்தான ஒரு மெல்லிய கீற்றை மட்டும் பார்க்கிறது. அந்தக் கீற்றை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பதிவுசெய்து, பதிவுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. முடிவில் கிடைக்கும் படத்தைப் பார்த்தால் எட்டுப் பேர் முன்னும் பின்னுமாகப் பாய்ந்து வருவதுபோல் இருக்கும். அப்படி அவர்கள் ஒருசேர நின்ற காட்சி நடக்கவே இல்லை. படத்தில் தெரியும் ஒவ்வொரு மூக்கும் முழங்காலும் மார்பும் சரியாகக் கோட்டின் மேல் இருந்தபோது எடுக்கப்பட்டவை. இடமிருந்து வலமாக அளந்தால் தூரம் கிடைக்காது, நேரம் கிடைக்கும்.

இதனால் உருவங்கள் கோணலாகும். ஒருவர் கோட்டின் மேலேயே பாதத்தை ஊன்றிவிட்டால், ஊன்றியிருந்த நேரம் முழுவதும் அந்தப் பாதம் மறுபடி மறுபடி பதிந்து, பலகைபோல நீண்டு கிடக்கும். விசையோடு முன்னே வீசிய கை கோட்டைச் சட்டென்று கடந்துவிடுவதால் ஒடுங்கித் தெரியும். பின்னணி முழுவதும் ஒரே நிறம். ஏனென்றால் அங்கே பின்னணியே இல்லை, அதே கோடு திரும்பத் திரும்ப வருகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். நோவா லைல்ஸ் 9.784 நொடி, கிஷேன் தாம்சன் 9.789 நொடி. நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 தனிப்படம், எடுக்கும் தொலைக்காட்சிக் கேமராவில் இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே 0.020 நொடி ஓடிவிடுகிறது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவிலிருந்த 0.005 நொடி அந்த இடைவெளிக்குள் நான்கு தடவை அடங்கிவிடும். எங்கள் படத்தில் அந்த இருவரின் மார்புக்கும் தனித்தனியே செங்குத்துக் கோடு இழுத்துக் காட்ட முடிகிறது. தலை, கை, கால் கணக்கில் வராது, உடற்பகுதி மட்டுமே என்பது விதி.

எந்தக் கண்ணும் காணாத, உருவம் கெட்ட ஒரு படத்தை உலகம் முழுவதும் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறது. அந்தப் படம் எதை அளக்கிறது என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லப்பட்டிருப்பதுதான் காரணம். இந்த விஷயத்தில் நான் இருட்டறை ஐயாவின் பக்கம்.


#4 · கைப்பேசிக்கண்

அருமையான பதிவு அண்ணா. ஒரு சந்தேகம். ஓடும் மின்விசிறியையோ விமானத்தின் சுழலியையோ கைப்பேசியில் எடுத்தால் இறக்கைகள் வாழைப்பழம் போல வளைந்து வருகின்றனவே, அதுவும் இதே கதைதானா? நான் லென்ஸ் கோளாறு என்று நினைத்திருந்தேன்.


#5 · இருட்டறை

அதே கதைதான் தம்பி. கைப்பேசி சென்சார் படத்தை ஒரே வீச்சில் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்த நேரம் வேறு, கடைசி வரியைப் படித்த நேரம் வேறு. அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. லென்ஸின் மேல் பழி இல்லை.

ஃபிலிம் காலத்திலும் இது உண்டு. 1910களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லார்டீக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டைவடிவில் முன்பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். ஃபிலிமின் குறுக்கே ஒரு மெல்லிய பிளவு நகர்ந்து ஒளியை விடும் ஷட்டர் அது. காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினார், ஆனால் கார் அதைவிட வேகமாகப் போனது. எனவே கார் ஒரு பக்கமும் நின்றவர்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள். வேகத்தை இதைவிடச் சிறப்பாகக் காட்டிய படம் என் கண்ணில் பட்டதில்லை. பிழை என்று ஒதுக்கப்பட்ட படம் என்பதுதான் வேடிக்கை, அவரே நெடுங்காலம் அதை மதிக்கவில்லை என்பார்கள்.

வினாக்குறி அவர்களுக்கு: ஃபென்டன் படங்களை நீங்களே எடுத்துத் தந்ததற்கு நன்றி. அந்தப் புதிர் எப்படி அவிழ்ந்தது தெரியுமா? குண்டுகளை விட்டுவிட்டு, சரிவில் கிடந்த சிறு கற்களைக் கவனித்தார்கள். குண்டுகள் சாலையில் கிடக்கும் படத்தில் சில கற்கள் சற்றுக் கீழே உருண்டிருந்தன. ஆள் நடமாட்டத்தில் காலில் இடறிய கல் கீழேதான் உருளும், மேலே ஏறாது. ஆகவே சாலை காலியாக இருந்த படமே முதலில் எடுத்தது, குண்டுகள் பிறகு சாலைக்கு வந்தன. தனியொரு படத்தால் சொல்ல முடியாததை இரண்டு படங்களுக்கு நடுவே ஓடிய நேரம் சொல்லிவிட்டது. நான் கேட்கச் சொன்ன கேள்வியும் இதுதான்.


#6 · தொகுப்புமேசை

திரைப்படப் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்லலாமா?

நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் ஃபிலிம் கேமராவில் ஷட்டர் ஒரு சுழலும் வட்டு, அதன் திறப்பு வழக்கமாக 180 டிகிரி. சுற்றில் பாதி திறப்பு, பாதி அடைப்பு. அடைபட்ட வேளையில் ஃபிலிம் அடுத்த ஃபிரேமுக்கு நகர்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிவாவது 1/48 நொடி, பதிவாகாமல் போவது இன்னொரு 1/48 நொடி. ஒரு மணி நேரம் இடைவிடாமல் படமெடுத்தால் அரை மணி நேரம்தான் ஃபிலிமில் இருக்கும். மிச்ச அரை மணி நேரத்தில் நடந்தது நடந்ததுதான், அதற்குச் சாட்சி இல்லை.

புரொஜெக்டரிலும் இதே கணக்கு. ஃபிலிம் நகரும்போது திரை இருட்டாகிறது. சிமிட்டல் உறுத்தாமலிருக்க ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை ஒளிரவிடுகிறார்கள். திரையில் அசைவு என்று ஒன்றுமே இல்லை. நின்ற படங்களும் இருட்டும் மாறி மாறி வருகின்றன. பிம்பம் விழித்திரையில் தங்கிவிடுவதால் அசைவு தெரிகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது போதாத விளக்கம். வெறுமனே தங்கினால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று குழம்பிப்போகும். இரண்டு கோடுகளை வெவ்வேறு இடங்களில் மாற்றி மாற்றி ஒளிரவிட்டால் ஒரே கோடு நகர்வதாகவே காண்கிறோம் என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் சோதனையோடு எழுதினார். நடுவில் இல்லாத பாதையை மூளை போட்டுக்கொள்கிறது.

இனி ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டுக்கு வருகிறேன். ஒருவர் கதவுப் பிடியைத் திருகுகிறார், அடுத்த ஷாட்டில் உள்ளே நுழைகிறார். முதல் ஷாட் ஒரு நாள் எடுத்தது, இரண்டாவது வேறொரு நாள், வேறொரு கட்டடத்தில். கை பாதி திரும்பியிருக்கும்போது வெட்டுவோம். அடுத்த ஷாட்டை மிகச் சரியாக அதே நிலையிலிருந்து தொடங்கினால் கை தாவியதுபோல் இருக்கும், ஏனென்றால் புதிய ஷாட்டில் எங்கே பார்ப்பது என்று கண் தேடும் நேரத்தில் சில ஃபிரேம்கள் வீணாகிவிடுகின்றன. ஆகவே மூன்று ஃபிரேம் பின்னாலிருந்து தொடங்குவோம். அதாவது 1/8 நொடி திரையில் இரண்டு முறை நடக்கிறது. அந்த இரட்டிப்பைப் பார்வையாளர் ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. "எவ்வளவு இயல்பாக இருக்கிறது" என்பார்கள். கடிகாரத்துக்கு நேர்மையாக இருந்தால் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிகிறது. கண்ணுக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால் கடிகாரத்தை ஏமாற்றியாக வேண்டும். என் தொழிலின் அடிப்படையே இதுதான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

வெட்டே இல்லாவிட்டால் மெய் வந்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். ஆண்டி வார்ஹோல் 1964இல் ஒரு வானளாவிய கட்டடத்தை ஆறரை மணி நேரம் கேமரா நகராமல் எடுத்தார். எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம், காட்டச் சொன்னது நொடிக்கு 16. படம் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. லூமியேர் சகோதரர்களின் தொழிலாளர்கள் ஆலையைவிட்டு வெளியேறும் படமும் வெட்டில்லாததே, ஒரு நிமிடம்கூட ஓடாது. 1895இல் எடுத்த அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. அன்றாட நிகழ்ச்சியை மூன்று முறை நடக்கச் செய்திருக்கிறார்கள். திரைப்பட வரலாற்றின் முதல் வரிசையிலேயே மறு டேக் இருக்கிறது.


#7 · வினாக்குறி

கற்கள் உருண்ட செய்தி அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாதத்தின் ஆபத்தான பக்கத்தை யாரும் தொடவில்லை.

நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும், பார்ப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்கிறீர்கள். சொன்னாலும் புரிந்துகொள்ள மாட்டார் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவர் சுடப்படும் காட்சியைச் சிலருக்கு இயல்பான வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், சுட்டவர் வேண்டுமென்றே சுட்டார் என்று கருதும் வாய்ப்பு கூடியது. அவருக்கு யோசிக்க நேரம் இருந்தது என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. ஓடும் நேரத்தைத் திரையில் காட்டியும் அந்தச் சாய்வு குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஒரு மனிதனின் உயிர் தொங்கும் வழக்கில் இதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு ஃபிரேம்கூடத் திருத்தப்படாத காட்சி, மேலே கடிகாரம் ஓடுகிறது, அப்படியும் தீர்ப்பு சாய்கிறது. எனக்கு இது மிகுந்த கவலை தரும் விஷயம்.

மறுபக்கம், நேரத்தை மிக மெல்லியதாக நறுக்கினால் மெய் கூடும் என்ற நம்பிக்கையும் பழையது. 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓட்டப் பாதையின் ஓரத்தில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓடும்படி செய்து எடுத்தார். நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் தருணம் உண்டு என்பது உறுதியானது. ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. முன்கால் முன்னும் பின்கால் பின்னுமாக நீட்டி ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்தது தவறு என்றாகிவிட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இதை ஏற்கவில்லை. காலம் நிற்பதில்லை, நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய், ஓட்டத்தை உணரவைக்கும் கலைஞனே மெய் என்பது அவர் வாதம். பழைய ஓவியத்தில் குதிரை ஓடுகிறது, மைபிரிட்ஜின் தனியொரு படத்தில் அது அந்தரத்தில் தொங்குகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.


#8 · பழஞ்சுருள்

பழைய ஃபிலிம் சுருள்களைத் துப்புரவாக்கி டிஜிட்டலுக்கு மாற்றும் இடத்தில் வேலை செய்கிறேன். வினாக்குறி தோழர் ரோதனை அழைத்துவந்ததால் எங்கள் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பேசாப்பட காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 ஃபிரேம். ஆனால் கை இயந்திரமில்லை. வெளிச்சம் குறைந்தால் மெதுவாகச் சுற்றுவார்கள், துரத்தல் காட்சி விறுவிறுப்பாக வரவேண்டுமென்றாலும் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள். பேசும்படம் வந்ததும் ஒலி நடுங்கக்கூடாது என்பதற்காக வேகத்தை 24இல் நிலைநிறுத்தினார்கள். அதன் பிறகு பழைய சுருள்களை அதே 24இல் ஓட்டியதால், அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் துள்ளித் துள்ளி நடந்தவர்கள் என்ற எண்ணம் பல தலைமுறைக்கு ஊறிப்போய்விட்டது. இறுதி ஊர்வலம்கூட ஓட்டமும் நடையுமாகத் தெரியும். ஒரு தலைமுறை மனிதர்களின் கண்ணியத்தை வெறும் புரொஜெக்டர் வேகம் பறித்துவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சரியான வேகத்தைப் பெட்டியின் மேல் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் தேடித்தான் எடுக்க வேண்டும். மனிதர் நடையைவிட எனக்கு நம்பகமானவை கீழே விழும் பொருள்கள். தொப்பி விழுவது, தண்ணீர் கொட்டுவது, குழந்தை குதிப்பது. நடிப்பவர் நடையை மாற்றிக்கொள்ளலாம், புவியீர்ப்பு மாற்றிக்கொள்ளாது. விழும் உயரம் ஏறத்தாழத் தெரிந்தால் எத்தனை ஃபிரேமில் விழுந்தது என்று எண்ணி வேகத்தை நெருங்கிவிடலாம்.

வேகம் தெரிந்துவிட்டால் அதே சுருள் கடிகாரமாகிவிடும். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை அபிரகாம் ஜப்ரூடர் கைக்கேமராவில் எடுத்தார், ஒலி இல்லாத சில நொடிகள். அந்தக் கேமராவைப் புலனாய்வுத் துறை சோதித்து, அது நொடிக்குச் சராசரி 18.3 ஃபிரேம் ஓடியது என்று கண்டது. அந்த ஓர் எண் கிடைத்த பிறகே ஃபிரேம்களை எண்ணி நிகழ்ச்சிகளுக்கு இடையிலான நேரத்தைப் பேச முடிந்தது. இன்றுவரை அந்த வழக்கைப் பேசுபவர்கள் ஃபிரேம் எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

இப்போது எங்கள் துறையில் பெரிய சண்டை வேறு. பீட்டர் ஜாக்சன் 2018இல் முதல் உலகப் போர்க் காட்சிகளை வைத்து ஒரு ஆவணப்படம் வெளியிட்டார். வேகத்தைச் சீராக்கி, வண்ணம் ஏற்றி, ஃபிரேம்களுக்கு நடுவே கணினியால் புதிய ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகியிருக்கிறார்கள். 12 ஃபிரேமில் எடுத்ததை 24 ஆக்கினால் திரையில் ஓடுவதில் பாதி, கேமரா ஒருபோதும் பார்க்காதது. பார்த்தவர்கள் அழுதார்கள், "முதன்முறையாக அவர்களை மனிதர்களாகப் பார்த்தேன்" என்றார்கள். அந்த அழுகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் கலங்கினேன். ஆனால் செருகிய ஃபிரேமில் ஒரு சிப்பாயின் வாய்க்கோணம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்டால் அதற்கு விடை இல்லை. அது கணிப்பு. மூலச் சுருள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பதால் மட்டுமே எனக்கு அந்தப் படத்தோடு பிணக்கு இல்லை.


#9 · கைப்பேசிக்கண்

எல்லாரும் சொல்வதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கலக்கம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். நான்தான் எடுத்தேன். கைப்பேசி அடுத்தடுத்துப் பல ஃபிரேம் எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் முகமும் நன்றாக இருக்கும் ஃபிரேமிலிருந்து அந்த முகத்தை எடுத்து ஒரே படமாகச் சேர்த்துக் கொடுத்தது. ஒருவரும் கண் மூடவில்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போய் அதைத்தான் பெரிதாக்கி மாட்டப்போகிறோம். எல்லாருமே அங்கே இருந்தார்கள், எல்லாருமே சிரித்தார்கள். சில நொடி முன்பின், அவ்வளவுதான். இது பொய்ப் படமா?


#10 · இருட்டறை

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. இந்த இழையில் இதுவரை வந்த எல்லாக் கேள்விகளையும்விடக் கடினமானது.

சுகிமோட்டோ என்ற ஜப்பானியக் கலைஞர் 1970களின் பிற்பகுதியிலிருந்து திரையரங்குகளைப் படமெடுத்துவந்தார். படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தார், முடியும்போது மூடினார். இரண்டு மணி நேரப் படமென்றால் 1,72,800 ஃபிரேம். அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து திரை வெறும் வெள்ளையாக நிற்கிறது. நாயகனும் இல்லை, கதையும் இல்லை. திரையின் ஒளியில் இருக்கைகளும் சுவர் வேலைப்பாடும் மட்டும் துல்லியமாகத் தெரிகின்றன. அதில் நடந்த எதுவும் விலக்கப்படவில்லை. எல்லாம் உள்ளே இருக்கிறது, எல்லாம் இருப்பதாலேயே ஒன்றும் தெரியவில்லை. நீண்ட நேரத்தை உள்ளே விட்டதற்கான தழும்பு படத்திலேயே இருக்கிறது, நியெப்ஸ் படத்தின் இரண்டு சுவர் வெயிலைப் போல.

உன் கைப்பேசி செய்தது நேர் எதிரானது. அதுவும் நீண்ட நேரத்தைத்தான் எடுத்தது. நீ பொத்தானை அழுத்தும் முன்பிருந்தே ஃபிரேம்களைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கும். பிறகு அதிலிருந்து கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று பொறுக்கி, பொறுக்கியதற்கான தடயம் ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிட்டு, ஒரே நொடியில் எடுத்ததுபோல் கொடுத்திருக்கிறது. என்னை உறுத்துவது அந்தத் துடைப்புதான். கலவையை நான் குறை சொல்லவில்லை. இருட்டறையில் இரண்டு நெகட்டிவைச் சேர்த்து ஒரே பிரிண்ட் போடுவது 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. நிலத்துக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொன்று. அதைச் செய்தவர் தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார். உன் படத்தில் யாருடைய முகம் எந்த நொடியிலிருந்து வந்தது என்று எடுத்த உனக்கே தெரியாது.

அவர்கள் சிரித்ததும் உண்மை, இருந்ததும் உண்மை. "சேர்ந்து சிரித்தார்கள்" என்பதை மட்டும் அந்தப் படத்தால் சொல்ல முடியாது. அம்மாவின் சிரிப்பு தங்கையின் பேச்சுக்குச் சிரித்ததாக இருக்கலாம், படத்தில் அவள் வாய் மூடியிருக்கும். ஒருவர் ஒருவரைப் பார்த்துச் சிரித்த தொடர்பு அறுந்துவிட்டது.


#11 · வினாக்குறி

ஐயா, இந்தப் பதிவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தடயம் துடைப்பதுதான் குற்றம் என்பது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் அளவுகோல் எல்லாவற்றையும் அளக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1863, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களம். பாறைகளுக்கு நடுவே ஒரு சிப்பாயின் பிணம், பக்கத்தில் துப்பாக்கி. நான் முன்பு சொன்ன அதே கார்ட்னர் வெளியிட்டது. மறைந்திருந்து சுட்ட எதிரிப் படைவீரனின் கடைசி இடம் என்று விளக்கம் எழுதினார். ஒரே எக்ஸ்போஷர், ஒட்டு இல்லை, வெட்டு இல்லை, அவர் தகட்டில் இருக்கும் நேரம் தொடர்ச்சியானது. ஆனால் அதே பிணம் வேறொரு இடத்தில் கிடப்பதாக எடுத்த படங்களும் இருக்கின்றன. அங்கிருந்து தூக்கிவந்து பாறையடியில் கிடத்தினார்கள் என்று 1970களில் ஒரு வரலாற்றாய்வாளர் படங்களை ஒப்பிட்டு நிறுவினார். ஷட்டர் திறப்பதற்கு முன்னாலேயே பொய் நடந்து முடிந்துவிட்டது. திறந்திருந்த நேரத்தைக் கேட்டு என்ன பயன்?


#12 · தொகுப்புமேசை

அதற்கும் விடை வேறு படங்களோடு ஒப்பிட்டதில்தான் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். ஷட்டருக்கு வெளியே, இரண்டு படங்களுக்கு நடுவே இருந்த நேரம். ஃபென்டனின் கற்களைப் போலவே.

ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட, வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் பற்றிய ஆவணப்படத்திலும் இதே சிக்கல். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதியைத் திறந்துவிட்டு அதற்குள் குடும்பம் உறங்கி எழுவதை எடுத்தார். துப்பாக்கி பழகிவிட்ட மக்களை ஈட்டியால் வேட்டையாடவைத்தார். அவர் எடுத்தது 1920களின் வாழ்க்கையும் இல்லை, அதற்கு முந்தைய தலைமுறையின் வாழ்க்கையும் இல்லை. ஆனாலும் அந்தக் குளிரும் அந்தக் கயிற்றை இழுக்கும் கைகளின் பாடும் பொய்யில்லை. நடிக்கச் சொன்னாலும் குளிர் நடிக்காது. தொகுப்பறையில் நான் நம்புவது இந்த மாதிரி விஷயங்களைத்தான். மூச்சில் வரும் ஆவி, களைத்த கை, காற்றில் அலையும் தலைமயிர். இயக்குநர் சொல்லாததையும் கேமரா எடுத்துவைத்துக்கொள்கிறது.

வினாக்குறி சொன்ன மெதுவோட்ட ஆய்வுதான் என்னை இன்னும் விடவில்லை. மெதுவாக்கிக் கொடு என்று கேட்டால் இதுவரை யோசிக்காமல் செய்துவந்தேன். இனிமேல் செய்திக் காட்சிகளுக்கு இயல்பான வேகத்தை முதலில் ஒரு முறை முழுதாக ஓடவிட்டுத்தான் மெதுவோட்டத்தைச் சேர்ப்பேன்.


#13 · பழஞ்சுருள்

கைப்பேசிக்கண்ணுக்கு எங்கள் துறைப் பழக்கத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். நாங்கள் ஒரு சுருளைச் சீராக்கினால் மூன்று விஷயம் பதிவேட்டில் ஏறும். எந்த வேகத்தில் மாற்றினோம், அந்த வேகத்தை எதை வைத்து முடிவுசெய்தோம், எந்த ஃபிரேம்களில் கைவைத்தோம். துண்டு விழுந்த இடத்தில் பக்கத்து ஃபிரேமை இரட்டித்து நிரப்பியிருந்தால் அந்த ஃபிரேம் எண்ணும் ஏறும். படத்தைத் திரையில் பார்ப்பவர் அதைப் படிக்க வேண்டியதில்லை. பிற்பாடு எவராவது வந்து கேட்டால் விடை இருக்க வேண்டும்.

உங்கள் குடும்பப் படத்தை மாட்டுங்கள், அதில் தவறே இல்லை. மாட்டும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். சேர்த்தெடுத்த படத்தோடு அது எடுத்த மூல ஃபிரேம்கள் கைப்பேசியில் கொஞ்ச காலம் இருக்கலாம், சில செயலிகள் இடம் போதவில்லை என்று அவற்றைத் தாமே அழித்துவிடும். முதலில் அவற்றை வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு பிரிண்டின் பின்பக்கம் தேதி, நேரம், யார் யார் என்பதோடு "பல ஃபிரேம்களிலிருந்து சேர்த்தது" என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும்.


#14 · கைப்பேசிக்கண்

மூல ஃபிரேம்கள் இருக்கின்றன! எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். ஒன்றில் தங்கை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அம்மா அவள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார், அப்பாவுக்குக் கண் மூடியிருக்கிறது. இதையும் சின்ன அளவில் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன். பழஞ்சுருள் அக்கா, பளபளப்புத் தாளில் பென்சில் ஏறவில்லை என்றால் என்ன செய்வது?


#15 · பழஞ்சுருள்

மிருதுவான 4பி பென்சிலால் லேசாக எழுதிப் பாருங்கள், அழுத்த வேண்டாம். அதுவும் ஏறாவிட்டால் அமிலமில்லாத தாளில் எழுதிப் படத்தோடு அதே உறையில் வைத்துவிடுங்கள்.